செவ்வாய்க்கிழமையின் சத்தம்

ஒஹாயோ மாநிலம், டொலீடோ.
முன்பு தரைவிரிப்பு விற்ற கிடங்கின் நடுவில்
இப்போது ஒரு ரிங்.
இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை,
பலகைமேல் சுண்டுவிரல் தடிமனுக்கு நுரை,
இழுத்துக் கட்டிய கேன்வாஸ்.
பலகைக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றி
என் மைக் ஒன்று வௌவாலாகத் தொங்குகிறது.
அதன் காதுக்கு எல்லாமே இடி.

விழத்தான் முதலில் பழக்குகிறார்கள் இங்கே.
தாடையை நெஞ்சோடு ஒட்டு.
மூச்சை வெளியே விட்டுவிட்டு விழு.
இரண்டு கையாலும் தரையை அறை.
ஒழுங்காக விழுந்தால்
சத்தம் அதிகம், வலி கொஞ்சம்.

எட்டுப் பேர், எட்டு அலைவரிசை.
நெஞ்செலும்பின்மேல் ஒட்டிய மைக் வழியே
எட்டு இதயங்களும் எனக்கு அத்துப்படி.
எது பயத்தில் துடிக்கிறது,
எது காலையில் குடித்த காபியில் என்று
ஹெட்ஃபோன் மாட்டிய மறுநொடி சொல்லிவிடுவேன்.

கேமராவுக்குத் தெரிவது பகை.
கழுத்துப் பூட்டுக்குள், கலைந்த முடியின் மறைவில்,
ஐந்தாம் அலைவரிசை ஆறிடம் கேட்கிறது:
"இறுக்கமா இருக்கா?"
"இல்ல, சரியா இருக்கு. அடுத்தது இடது பக்கம்."
"முழங்கால பாத்துக்க."
அதன்பிறகுதான் தூக்கி எறிகிறாள்.

ஐந்து, கார்லீன் ப்ருசாக். இரவில் கண்ணாடித் தொழிற்சாலை.
ஆறு, தனீஷா விட்லோ. பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
நிகழ்ச்சியில் ஜென்ம விரோதிகள்.
வருவது கார்லீனின் காரில், பெட்ரோல் பாதிப் பாதி.
முந்தின தெருமுனையில் தனீஷா இறங்கி
மழையானாலும் நடந்தே வருவாள்.

இரண்டிலிருந்து நாலுவரை நாற்காலி அறை.
தயாரிப்பாளர் ஹால்வர்சன் கேட்கும் கேள்வி
பதிலுக்குள்ளும் இருந்தாக வேண்டும்.
வெறும் 'ஆமாம்' செல்லாது.
"தனீஷாவை நான் ஏன் வெறுக்கிறேன் என்றால்..."
கார்லீன் மூன்று முறை சொன்னாள்.
மூன்றாவது முறை அவளே
கொஞ்சம் நம்பிவிட்ட மாதிரி இருந்தது.
அதை எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை. சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்
மேல்கயிற்றிலிருந்து குதித்தாள் கார்லீன்.
கயிறு வழுக்கியதோ, கால் யோசித்ததோ,
கைகள் தரையை அறையவே இல்லை.
நாற்காலி முதுகிலிருந்து ஈரத்துண்டு நழுவிய மாதிரி
ஒரு சத்தம்.
அவ்வளவுதான்.
மீட்டரில் முள் பாதிகூட ஏறவில்லை.
ஐந்தில் மூச்சு இல்லை. எண்ணினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
அப்புறம், யாரிடமும் இல்லாமல், சின்னதாக,
"ஓ."

முதலில் ஓடியது ஆறு.
"அசையாத. என்னைப் பாரு. கால்விரல ஆட்டு.
கேமராவ ஆஃப் பண்ணுங்க!"
யாரும் பண்ணவில்லை.
நானும்தான்.

காறை எலும்பு.
ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்வரை
மைக்கைக் கழற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.
கடைசியாகப் பதிவானது இது:
"தனீ, கார நீயே எடுத்துட்டுப் போ.
சாவி என் ஷூவுக்குள்ள."

எடிட்டிங் அறையில் ஹால்வர்சன் முகம் சுளித்தார்.
"என்னய்யா, விழுந்த மாதிரியே இல்லையே."

தேடினேன்.
செவ்வாய்க்கிழமை, அவளுடைய பதினோராவது விழுதல்.
இரு கையும் ஒரே நொடியில்.
கிடங்கு முழுக்க அதிர்ந்து
கூரைப் புறாக்கள் படபடத்து எழும்பின.
எழுந்ததும் சிரித்தாள்.
சிரிப்பை மட்டும் நறுக்கிவிட்டு
மீதியை வியாழன்மேல் ஒட்டினேன்.
அச்சாகப் பொருந்தியது.
'ஓ' வெளியே விழுந்தது.
பெயர் வைக்காத ஒரு கோப்பில் போட்டிருக்கிறேன்.

ஒளிபரப்பான இரவு, மணி பத்தே முக்கால்.
கார்லீனிடமிருந்து செய்தி.
ஒரு கையால் தட்டியிருக்க வேண்டும்,
வார்த்தைகளுக்கு நடுவே இடமே இல்லை.

"அதுசெவ்வாய்க்கிழமதானே?
நல்லாவிழுந்தேன்அன்னிக்கு.
புறாவவெட்டமறந்துட்ட."